பழைய பிரிட்டிஷ் உளவுத் தொடர்களைக் காதால் பார்க்க வேண்டும்

கேள்வி இதுதான்: "அறுபது, எழுபதுகளில் வந்த பிரிட்டிஷ் உளவுத் தொடர்கள் சிலவற்றை இப்போதுதான் பார்த்தேன். சண்டைக் காட்சி சிரிப்பு மூட்டுகிறது, செட் ஆடுகிறது, கதை நகர்வேனா என்கிறது. ஆனால் டைட்டில் இசை மட்டும் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னமும் இதையெல்லாம் கொண்டாடுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?"

பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். படம் பழசாகிவிட்டது, இசை ஆகவில்லை. நான் பல வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன் என்பதால் இந்தத் தொடர்களுக்குள் இசை வழியாகத்தான் நுழைந்தேன். அதனால் என் பதிலும் அந்தப் பக்கமாகவே சாயும். அந்த நாற்பது, ஐம்பது நொடி டைட்டில் வெறும் அலங்காரம் இல்லை. உளவாளி என்றால் யார் என்று அந்தத் தொடர் என்ன நினைக்கிறதோ அதை அங்கேயே சொல்லிவிடும். எந்த வாத்தியத்தை எடுக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

முதலில் வியாபாரம். இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை லூ கிரேட் என்பவரின் ஐ.டி.சி. நிறுவனத்திலிருந்து வந்தவை. அவருடைய கண் எப்போதும் அமெரிக்கச் சந்தை மேல்தான். அமெரிக்காவுக்கு விற்க வேண்டும் என்பதற்காக, வீடியோ டேப்பில் மலிவாக எடுக்காமல் சினிமா மாதிரி 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். 1967-லேயே சில தொடர்கள் கலருக்கு மாறிவிட்டன. இங்கிலாந்தின் ஐ.டி.வி. சேனலுக்குக் கலர் வந்ததோ 1969 நவம்பரில்தான். தங்கள் ஊரில் எடுத்த கலர்த் தொடரை ஊர்க்காரர்களே இரண்டு வருடம் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள்.

பணம் வந்தது, ஆனால் உலகம் சுற்றும் அளவுக்கு வரவில்லை. கதை பெய்ரூட்டில் நடக்கும், கரீபியனில் நடக்கும், ஷூட்டிங் லண்டனுக்கு வெளியே போர்ஹாம்வுட் ஸ்டூடியோவில் நடக்கும். விமானம் இறங்கும் ஒரு துண்டுப் படம், ஊர்ப் பெயர் போட்ட எழுத்து, இரண்டு பனைமரத் தொட்டி, முடிந்தது வெளிநாடு. மலை விளிம்பிலிருந்து உருண்டு விழும் ஒரு வெள்ளை ஜாகுவார் காரின் ஷாட்டைத் தொடருக்குத் தொடர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வில்லன் வெள்ளை ஜாகுவாரில் ஏறினாலே ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும், ஆள் காலி.

காட்ட முடியாததைக் கேட்கவைப்பது இசையமைப்பாளர் தலையில் விழுந்தது. அன்றைய டிவியின் ஸ்பீக்கரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலம், ஒற்றைச் சேனல், அடித்தொனி ஏறவே ஏறாது. அதில் முப்பது வயலின் மெத்தென்று வாசித்தால் ஈரத்துணி மாதிரி கிடக்கும். கூர்மையாகக் குத்தும் வாத்தியம் வேண்டும். அடுப்படியில் நிற்பவர் காதில் விழுந்து, கரண்டியோடு ஓடி வர வேண்டும். பித்தளை ஊதுகருவிகள், பாங்கோஸ் என்ற சின்ன ஜோடி மேளம், எலெக்ட்ரிக் கிட்டார், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஹார்ப்சிகார்ட்.

ஹார்ப்சிகார்ட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பார்வைக்குப் பியானோ மாதிரி இருக்கும். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி கம்பியை அடிக்கும், சந்தூர் மாதிரி. ஹார்ப்சிகார்டிலோ இறகுத் தண்டு போன்ற ஒரு முனை கம்பியை மீட்டிவிடும், வீணை மாதிரி. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். வாசிப்பவரின் கோபமோ பாசமோ அதில் தெரியாது. பாஹ் காலத்து அரண்மனை வாத்தியம். உணர்ச்சியை முகத்தில் காட்டாத, மேல்நாட்டுப் பிரபுத்தனம் ஒட்டியிருக்கிற ஒரு கருவியை உளவாளிக்குக் கொடுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். உங்கள் வீட்டில் சாதாரண கீபோர்டு இருந்தால், டோன் பட்டியலின் தொடக்கத்தில் பியானோ வகைகளோடு அது இருக்கும். ஒரு மைனர் ஸ்கேலை அதில் வேகமாக வாசித்துப் பாருங்கள், உடனே யாரோ கறுப்புக் கண்ணாடியோடு ரயில் ஏறுவார்.

இந்த ஒலியை உளவுக்கு ஒட்டவைத்ததில் பெரும் பங்கு இசையமைப்பாளர் எட்வின் ஆஸ்ட்லிக்கு. 'டேஞ்சர் மேன்' 1960-ல் அரைமணி நேரத் தொடராகத் தொடங்கியது. ஜான் டிரேக் என்ற நேட்டோ உளவாளியாக பாட்ரிக் மெக்கூஹன். முதல் டைட்டிலில் அவர் ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வருவார், பின்னால் வாஷிங்டனின் கேப்பிட்டல் மாளிகை தெரியும். முன்னால் இருக்கும் கட்டடமோ லண்டன் மேரிலிபோன் சாலையின் காஸ்ட்ரால் ஹவுஸ். இரண்டையும் ஒட்டுப்போட்டு அமெரிக்கா ஆக்கிவிட்டார்கள். 1964-ல் அதே தொடர் ஒரு மணி நேரமாகத் திரும்பி வந்தபோது ஆஸ்ட்லி புது இசை போட்டார், பெயர் 'ஹை வயர்', உயரத்தில் கட்டிய கம்பி. ஹார்ப்சிகார்ட் முன்னால் ஓட, பித்தளை வாத்தியங்கள் பின்னாலிருந்து அதட்டும். கம்பிமேல் நடப்பவனின் அவசரமும் நிதானமும் ஒன்றாகக் கேட்கும்.

டிரேக்கும் அந்த இசை மாதிரிதான். முடிந்தவரை துப்பாக்கி எடுக்க மாட்டார். பெண்களோடு கொஞ்சல் இல்லை. மெக்கூஹன் இதில் பிடிவாதமாக இருந்தார், ஜேம்ஸ் பாண்ட் வேடத்தையும் வேண்டாம் என்றவர் அவர். சில கதைகளின் முடிவில் வேலை முடிந்திருக்கும், ஆனால் மேலதிகாரி தன்னை ஏமாற்றிவிட்டார் என்று டிரேக்குக்குத் தெரிந்திருக்கும். அந்த முகத்தோடு நிறுத்தி, உடனே ஹார்ப்சிகார்டை ஓடவிடுவார்கள். வில்லன் செத்ததைக் காட்டி முடிப்பதைவிட இது எனக்கு எத்தனையோ மடங்கு பிடிக்கும்.

அமெரிக்காவில் இதே தொடரை 'சீக்ரெட் ஏஜென்ட்' என்று பெயர் மாற்றி, ஜானி ரிவர்ஸ் பாடிய ஒரு ராக் பாட்டை டைட்டிலுக்கு வைத்தார்கள். நல்ல பாட்டு, ஹிட்டும் ஆனது. உனக்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டார்கள், பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று அதில் வரும். மெக்கூஹன் அடுத்து நடித்த 'தி ப்ரிசனர்' தொடரில் அவருக்குப் பெயரே கிடையாது, வெறும் ஆறாம் எண். தற்செயல்தான், ஆனாலும் சிலிர்க்கிறது.

உளவு இசை என்றாலே ஒரு மாதிரி கேட்கிறதே, அது எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கணக்கில் சொல்கிறேன். சாதாரண காந்தாரத்தையும் காகலி நிஷாதத்தையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், கூட ஸட்ஜம், பஞ்சமம், மேலே சதுஸ்ருதி ரிஷபம். கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் இருக்கிற ஸ்வரங்கள்தான். காந்தாரம் சோகத்தைச் சொல்ல, நிஷாதம் மேல் ஸட்ஜத்துக்கு அரைப்படி கீழே தொங்கிக்கொண்டு 'இன்னும் முடியலை' என்கிறது. பாண்ட் இசையின் கடைசிக் கிட்டார் ஒலி இதுதான். அதே இசையில் அடியில் ஓடுவது பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம் என்று அரை அரைப்படியாக ஏறி இறங்கும் சுழல். இரண்டு தைவதத்தையும் இப்படி அடுத்தடுத்து வைத்தால் எங்கள் பாட்டு வாத்தியார் தலையில் குட்டியிருப்பார். உளவு இசைக்கோ அந்த ஊர்தல்தான் உயிர், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போல.

பாண்ட் டிவி ஆள் இல்லை என்றாலும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனசில்லை. 1962-ல் மாண்டி நார்மன் போட்ட அந்த மெட்டு, அதற்கு முன் நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க முயன்றபோது அவர் எழுதிய பாட்டு. டிரினிடாட் இந்தியக் குடும்பத்தின் கதை, அதனால் சிதார் வாடையோடு போட்டிருந்தார். நாடகம் நடக்கவில்லை. மெட்டைக் கிட்டாருக்கு மாற்றினார், ஜான் பாரி ஆர்க்கெஸ்ட்ராவை அடுக்கிக் கொடுத்தார். அந்த மெட்டு நம் காதில் அந்நியமாக ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

'தி அவெஞ்சர்ஸ்' நேர் எதிர்த் திசை. சூப்பர்ஹீரோ படம் இல்லை, 1961-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். முதலில் ஜான் டாங்க்வொர்த்தின் புகைமண்டிய ஜாஸ் இசையோடு, ஓரளவு சீரியஸான குற்றத் தொடராகத்தான் இருந்தது. 1965-ல் டயானா ரிக் எம்மா பீலாக வந்தபோது இசையும் லாரி ஜான்சனுக்குக் கை மாறியது. முதலில் தாளம் தட்டி அழைக்கும், அப்புறம் வயலின்கள் கதவைத் திறந்துகொண்டு விருந்துக்கு வருவது மாதிரி நுழையும். கலர் டைட்டிலில் எம்மா துப்பாக்கியால் ஷாம்பெயின் பாட்டிலின் மூடியைச் சுட்டுத் தெறிக்கவிடுவார், அவரும் கூட்டாளி ஜான் ஸ்டீடும் கோப்பையை இடித்துக்கொள்வார்கள். உளவு என்பது இங்கே ஒரு விளையாட்டு. ஸ்டீட் பவுலர் தொப்பியும் குடையும் பிடித்த பழைய இங்கிலாந்து, எம்மா தோல் உடை போட்டுக் கராத்தே வெட்டு வெட்டும் புது இங்கிலாந்து. தெருவில் ஒரு ஆள் நடமாட மாட்டார், போலீஸ்காரர் கண்ணில் பட மாட்டார். அதைத் திட்டமிட்டே செய்தார்கள், பொம்மை ஊர் மாதிரி இருக்கட்டும் என்று. சூயஸ் கால்வாய் விவகாரத்தில் 1956-ல் மூக்குடைபட்டு, சாம்ராஜ்ஜியம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நாடு தன்னைப் பற்றிக் கண்ட அழகான பகல்கனவு அது. டயானா ரிக்குக்குக் கேமராமேனைவிடக் குறைவான சம்பளம் என்று பின்னால் தெரிய வந்து அவர் சண்டை போட்டது அந்தக் கனவுக்கு வெளியே நடந்தது.

இனி 'தி ப்ரிசனர்'. ராஜினாமா செய்த உளவாளி ஒருவரைக் கடத்தி, பெயருக்குப் பதில் எண் கொடுக்கும் ஒரு விசித்திர ஊரில் அடைத்துவைக்கிற கதை. 1967, 68-ல் 17 அத்தியாயங்கள், அவ்வளவுதான். இதன் டைட்டிலுக்கு இணையாக டிவியில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இடி இடிக்கும். நீண்ட காலி ரோட்டில் ஒரு லோட்டஸ் செவன் கார் நம்மை நோக்கி வரும். லண்டன், சுரங்கக் கார் நிறுத்தம், நீண்ட நடைபாதை, இரட்டைக் கதவு. மெக்கூஹன் மேசைக்கு எதிரே நின்று கத்துகிறார், நமக்குக் கேட்பது இசை மட்டும். மேசைமேல் ஓங்கிக் குத்துகிறார், டீக் கோப்பை துள்ளுகிறது. ராஜினாமா. (மேசைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தொடரின் கதை ஆசிரியர் ஜார்ஜ் மார்க்ஸ்டீன். பின்னால் இருவருக்கும் ஒத்துப்போகாமல் அவர் நிஜமாகவே விலகினார்.) எங்கோ ஒரு இயந்திரம் அவர் போட்டோமேல் குறுக்கே கோடு அடித்து ஓர் இழுப்பறையில் போடுகிறது. அவர் வீட்டில் பெட்டி அடுக்கும்போது சாவித்துவாரம் வழியாகப் புகை வருகிறது. ஜன்னலில் தெரியும் கட்டடங்கள் சாய்கின்றன. கண் விழித்தால் அதே அறை, ஜன்னலுக்கு வெளியே வேறு ஊர்.

இவ்வளவுக்கும் ஒரு வசனம் இல்லை. ரான் கிரெய்னரின் இசை ஒவ்வொரு வெட்டோடும் கை கோர்த்துப் போகிறது. அதற்கு முன் ராபர்ட் ஃபார்னன், வில்ஃப்ரெட் ஜோசப்ஸ் இருவரிடமும் இசை வாங்கி, சரிப்படவில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். கிரெய்னர் ஆஸ்திரேலியாக்காரர், 'டாக்டர் ஹூ' மெட்டும் அவருடையதுதான். இங்கே பித்தளை வாத்தியங்களை வெற்றி முழக்கம் மாதிரி ஊதவைக்கிறார். யோசித்துப் பாருங்கள், மாட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு எதற்கு வெற்றி முழக்கம்? 'நான் எண் இல்லை, சுதந்திர மனிதன்' என்று அவன் கத்தப் போவதற்கான முன்கூட்டிய அத்தாட்சி அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த விசித்திர ஊர் செட் இல்லை. வட வேல்ஸில் கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய போர்ட்மீரியன். 'டேஞ்சர் மேன்' முதல் அத்தியாயத்தில் இத்தாலி என்று சொல்லி அங்கேதான் எடுத்தார்கள். மெக்கூஹன் அதை மனசில் வைத்திருந்து சிறைச்சாலையாக்கிவிட்டார்.

நடுவே வந்த மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 'தி சாம்பியன்ஸ்' டோனி ஹாட்சின் இசைக்காகக் கேட்கலாம், பார்க்கச் சொல்ல மாட்டேன். 'மேன் இன் எ சூட்கேஸ்' கிரெய்னருடையது, பியானோவை இடி இடியென்று இடித்திருப்பார். அந்த மெட்டு முப்பது வருடம் கழித்து ஒரு பிரிட்டிஷ் வெள்ளிக்கிழமை அரட்டை நிகழ்ச்சிக்கு டைட்டிலாக மறுபிறவி எடுத்தது. 'தி பெர்சுவேடர்ஸ்' 1971, ஜான் பாரி. ரோஜர் மூரும் டோனி கர்ட்டிஸும் பணக்காரச் சேட்டை செய்வார்கள், உளவு என்று சொல்வதே அதிகம். ஆனால் இசை! திஸ்ர நடையில், மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியும் சிம்பலம் என்ற ஹங்கேரியத் தந்திவாத்தியமும் சேர்ந்து, உல்லாசக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துக்கம். சிம்பலம் என்பது நம் சந்தூரின் பெரியண்ணன், காலால் அடக்க ஒரு மிதிகட்டை உண்டு. கிழக்கு ஐரோப்பா, இரும்புத் திரை, மூடுபனி எல்லாம் அந்த ஒற்றைத் தட்டில் வந்துவிடும்.

இப்போது வெளிச்சம் குறைகிறது. எட்வர்ட் வுட்வர்ட் நடித்த தொடர், 1967 முதல் 72 வரை. நாயகன் பெயரே தலைப்பு. தமிழில் எழுதினால் 'காலன்' என்றே வந்துவிடுகிறது, தொழிலும் அதுதான். அரசாங்கத்துக்காக ஆளை முடிப்பவன். சிவப்புக் கோப்பில் பெயர் ஏறினால் அந்த ஆள் போக வேண்டியவர். காலனுக்கு அது பிடிக்காது, ஆனால் செய்வான். வீட்டில் உட்கார்ந்து பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பான். அவனுக்கு உதவும் ஒரே சிநேகிதன் லோன்லி என்ற சில்லறைத் திருடன், பயந்தால் உடம்பு நாறும். ஷாம்பெயின் எங்கே, இது எங்கே.

டைட்டிலில் ஒரு மொட்டை பல்பு ஊசலாடும். ஒரு குண்டு அதை உடைக்கும். கூடவே ஒரு கிட்டார் அடித்தந்தியில், இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் மாதிரி நடக்கும். இந்தத் தொடருக்கென்று எழுதிய இசையே இல்லை அது. டி வுல்ஃப் நிறுவனத்தின் இசைக் கிடங்கில் கிடந்த ஒரு ரெக்கார்டு. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தலைப்பு 'கேர்ள் இன் தி டார்க்', போட்டவர் ஜாக் டிராம்பே. அதுவும் புனைபெயர், ஆள் யான் ஸ்டூக்கார்ட் என்ற நெதர்லாந்துக்காரர். பொய்ப் பெயர்க்காரர் ஒருவரின் வாடகை இசை, ரகசியமாக வாழும் கூலிக் கொலைகாரனுக்கு. சிக்கனத்துக்காகச் செய்தது, எவ்வளவு யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்க முடியாது.

கடைசியாக, என் கணக்கில் உச்சம்: 1979-ல் பிபிசி எடுத்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை', ஏழு பகுதி, ஸ்மைலி என்ற ஓய்வுபெற்ற உளவாளியாக அலெக் கின்னஸ். அந்த இலையுதிர் காலத்தில் ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தில் வாரக்கணக்காக இருண்டு கிடந்தது. ஜனங்களுக்கு பிபிசியைத் தவிரப் போக்கிடம் இல்லை. புரிந்தவர்களும் புரியாதவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். டைட்டிலில் ரஷ்ய மரப்பொம்மை. ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொண்டே போகும், கடைசிப் பொம்மைக்கு முகமே இருக்காது. பிறகு ஓர் அறை. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருகிறார்கள், பேச்சில்லை. ஒருவர் டீக் கோப்பையைச் சாஸரால் மூடிக்கொண்டு வருகிறார். நால்வரும் உளவுத்துறைப் பெரிய தலைகள், ஸ்மைலி தேடும் துரோகி அந்த அறைக்குள்தான் இருக்கிறான். முதல்முறை பார்க்கும்போது ஒன்றும் நடக்காத காட்சி. முழுத் தொடரும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றும் பேசும்.

ஜெஃப்ரி பர்கனின் முத்திரை முடிவில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரு சிறுவனின் குரல், ஆர்கன், ஒரு டிரம்பெட். செயின்ட் பால் தேவாலயப் பாடகர் குழுவின் பால் ஃபீனிக்ஸ் பாடியது. பாடல் லூக்கா சுவிசேஷத்தின் சிமியோன் பாட்டு, ஆங்கிலிகன் மாலை வழிபாட்டில் அன்றாடம் பாடுவது. ஆண்டவரே, உமது அடியேனை இனி சமாதானத்தோடே போகவிடும் என்கிற கிழவரின் வேண்டுதல். தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஓய்வுபெற்ற கிழவரை மறுபடி கூப்பிட்டு, கூட வேலை பார்த்தவர்களையே வேவு பார்க்கவைத்து, அதற்கு மேல் இந்த விண்ணப்பத்தைக் களங்கமில்லாத பையன் குரலில் வைக்கிறார் பர்கன். ஹார்ப்சிகார்டு இல்லை, பாங்கோஸ் இல்லை, காகலி நிஷாதத் தொங்கல் இல்லை. பத்தொன்பது வருடத்தில் உளவாளி கேப்பிட்டல் வாசலிலிருந்து கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்.

நடுவில் என்ன நடந்தது என்றால், நிஜ உளவாளிகள் நடந்தார்கள். 1961-ல் ஜார்ஜ் பிளேக் பிடிபட்டார், 1963-ல் கிம் ஃபில்பி மாஸ்கோவுக்கு ஓடினார். தங்கள் உளவுத்துறையின் நடுவிலேயே சோவியத் ஆள் உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்த பிறகு எத்தனை நாள் ஷாம்பெயின் மூடியைச் சுட்டுக்கொண்டிருக்க முடியும்?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் இந்தத் தொடர்களில் அரபியர், இந்தியர், சீனர் வந்தால் பல நேரம் முகத்தில் சாயம் பூசிய வெள்ளை நடிகர்தான். உச்சரிப்பு காமெடி வேறு. "அந்தக் காலம் அப்படி" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே நானும் பார்க்கிறேன், ஆனால் உறுத்துகிறது. நீங்கள் பார்க்கும்போதும் உறுத்தும்.

எதில் தொடங்குவது என்றால், 'டேஞ்சர் மேன்' ஒரு மணி நேர அத்தியாயங்களில் இரண்டு, எம்மா பீல் கால 'அவெஞ்சர்ஸ்' ஒன்று, அப்புறம் 'காலன்' கலர் அத்தியாயங்கள். 'டிங்கர் டெய்ல'ருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், போனைத் தள்ளி வையுங்கள். 'ப்ரிசன'ரைக் கடைசியில் பாருங்கள். அதில் மட்டும் டைட்டிலைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே காட்சிகள் என்று தோன்றும். ஆனால் டைட்டிலின் இறுதியில் வரும் கேள்வி பதிலைக் கவனியுங்கள், 'நீ யார்?' என்றதற்குப் 'புதிய இரண்டாம் எண்' என்று பதில் சொல்லும் முகமும் குரலும் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரத்து வில்லன் உங்களுக்கு அறிமுகமாவது அங்கேதான்.